ஆபரேஷன் முடிந்தவருக்கு எண்ணெயே ஆகாதா? குடல் சுவர், கிருமி, கொழுப்பு பற்றி ஒரு கேள்வி

மேலூர்_வயக்காடு

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்குப் பெருங்குடலில் கட்டி இருந்தது. மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, குடலின் இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார். டிஸ்சார்ஜ் அன்று கொடுத்த உணவுச் சீட்டில் இட்லி, குழைந்த சோறு, பாசிப்பருப்பு, முட்டை, ஆவியில் வெந்த மீன் எல்லாம் இருக்கிறது. கூடவே "எண்ணெய் நாளொன்றுக்கு 3 டீஸ்பூன்" என்றும் எழுதியிருக்கிறது.

அந்த ஒரு வரியைக் கேட்டதும் அப்பத்தா சண்டைக்கு வந்துவிட்டது. "வயித்தக் கிழிச்சுத் தச்சிருக்கு. எண்ணெ பட்டா புண்ணு ஆறுமா? சீழ் வச்சிரும்" என்கிறது. சித்தப்பாவும் அதே பேச்சு. மூன்று வேளையும் நொய்க்கஞ்சி, தாளிக்காத ரசம், சுட்ட அப்பளம், இவ்வளவுதான் சாப்பாடு. அப்பா மெலிந்துகொண்டே போகிறார்.

நான் கொஞ்சம் தேடிப் படித்தேன். ஒரு இடத்தில் "கொழுப்பு உணவு ஆபரேஷனுக்குப் பின் குடல் சுவரைக் கிருமியிடமிருந்து காக்கும்" என்று போட்டிருக்கிறது. இன்னொரு இடத்தில் "கொழுப்பு உணவால் குடல் கிருமி ரத்தத்துக்குள் போகும்" என்று இருக்கிறது. இரண்டில் எது சரி? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செல்லூர்_மதினி

தம்பி, எங்கள் வீட்டிலும் இதே சண்டை நடந்தது. என் கொழுந்தனாருக்குக் குடலிறக்க ஆபரேஷன் செய்தபோது எண்ணெய், புளி, கத்திரிக்காய், கருவாடு எல்லாவற்றையும் மாமியார் நிறுத்திவிட்டார். பெரியவர்களிடம் எதிர்த்துப் பேச முடியவில்லை. கடைசியில் டாக்டரே மாமியாரை அழைத்து உட்காரவைத்துச் சொன்ன பிறகுதான் தாளிப்புச் சத்தம் கேட்டது. உங்கள் அப்பத்தாவை அடுத்த செக்கப்புக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பேரன் சொன்னால் ஏறாதது டாக்டர் சொன்னால் ஏறும்.

வார்டு_சிஸ்டர்_பணிநிறைவு

அப்பத்தா மேல் கோபப்படாதீர்கள் தம்பி. அவர் காலத்தில் ஆபரேஷன் புண் சீழ் வைத்து ஆட்கள் போனதைக் கண்ணால் பார்த்திருப்பார். அந்தப் பயம் பொய்யில்லை. ஆனால் அந்தச் சீழுக்குக் காரணம் வாயால் சாப்பிட்ட எண்ணெய் இல்லை. புண்ணுக்குள் புகுந்த கிருமிதான்.

நான் அறுவைச் சிகிச்சை வார்டில்தான் வேலை பார்த்தேன். அந்தக் காலத்தில் குடல் ஆபரேஷன் முடிந்தவர் மூக்கில் குழாய் இருக்கும், அதன் பையில் பச்சையாகப் பித்தநீர் இறங்கிக்கொண்டிருக்கும், கையில் டிரிப் ஓடும். காலை ரவுண்ட்ஸில் முதல் கேள்வியே "கேஸ் பிரிஞ்சுதா?" என்பதுதான். பிரிந்தது என்று சொல்லும்வரை ஒரு மடக்குத் தண்ணீர்கூடத் தரமாட்டோம். உதடு காய்ந்து வெடித்திருக்கும், நனைத்த பஞ்சால் துடைத்துவிடுவோம். சொந்தக்காரர்கள் படிக்கட்டில் உட்கார்ந்து அந்த ஒரு செய்திக்காகக் காத்திருப்பார்கள்.

பிறகு இது மாறியது. டென்மார்க்கில் ஹென்ரிக் கெலட் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர் 1990களில் கொண்டுவந்த விரைவு மீட்பு முறைதான் அதற்குத் தொடக்கம். சீக்கிரம் எழுப்பி நடக்கவை, சீக்கிரம் வாயால் கொடு, மார்ஃபின் வகை வலி மருந்தைக் குறை. 2001-ல் பிஎம்ஜே என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் லூயிஸ் குழுவினர் 11 ஆய்வுகளில் இருந்த 837 நோயாளிகளின் விவரத்தைச் சேர்த்துப் பார்த்தார்கள். வயிறு, குடல் ஆபரேஷனுக்குப் பின் பட்டினி போடுவதால் ஒரு நன்மையும் தெரியவில்லை என்று முடிவு வந்தது. பட்டினி போட்டால் தையல் பத்திரம் என்று நாங்கள் நம்பியிருந்ததற்கு ஆதாரமே இல்லை. இப்போது பல இடங்களில் அன்று மாலையே தண்ணீர், மறுநாளே கஞ்சி, இட்லி.

எண்ணெயைப் பற்றி விளக்கமாகச் சொல்ல நம் உணவு ஆலோசகர் தங்கச்சி இங்கே இருக்கிறார். அவர் வரட்டும்.

கேகே_நகர்_உணவியல்

அக்கா கூப்பிட்டதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நாம் சாப்பிட்டது குடலுக்குள் இருக்கிறது. கோடிக்கணக்கான கிருமிகளும் அங்கேதான் இருக்கின்றன. இவற்றுக்கும் நம் ரத்தத்துக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு வரிசை செல். அந்தச் செல்கள் 3 முதல் 5 நாளுக்குள் உதிர்ந்து புதிதாக வந்துகொண்டே இருக்கும். பக்கத்துப் பக்கத்துச் செல்களைச் சில புரதங்கள் இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன. மேலே கோழைப் படலம். பெருங்குடலில் அது இரண்டு அடுக்கு, உள் அடுக்குக்குள் கிருமி அநேகமாக நுழைவதே இல்லை. சிறுகுடலின் அடிமடிப்பில் பேனத் செல்கள் என்று இருக்கின்றன, அவை கிருமியைக் கொல்லும் புரதங்களைச் சுரக்கின்றன. இவை எல்லாம் சேர்ந்ததைத்தான் குடல் தடுப்பு என்கிறோம்.

பெரிய ஆபரேஷனில் இந்தத் தடுப்புக்குப் பல பக்கமிருந்தும் அடி விழுகிறது. ரத்தம் நிறையப் போனால் உடம்பு மூளைக்கும் இதயத்துக்கும் முதலிடம் கொடுத்துவிட்டுக் குடலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும். ஆன்டிபயாடிக் நல்ல கிருமிகளையும் சேர்த்து அழிக்கும். வலி மருந்தால் குடல் அசைவு மந்தமாகும். பட்டினியால் குடலின் உள்முடிகள், அதாவது உணவை உறிஞ்சும் நுண்ணிய விரல் போன்ற நீட்சிகள், சுருங்கும். அப்போது செல் வரிசை தளர்ந்து, கிருமியோ கிருமியின் நச்சோ உள்ளே கசியலாம். குடல் கிருமி இப்படி நிணநீர்க் கணுக்களுக்குப் போய்ச் சேருவதற்கு 1979-ல் பெர்க், கார்லிங்டன் என்ற இருவர் 'பாக்டீரியல் டிரான்ஸ்லொகேஷன்' என்று பெயர் கொடுத்தார்கள்.

இனிக் கொழுப்புக்கு வருகிறேன். நாம் சாப்பிட்ட கொழுப்பு சிறுகுடலின் தொடக்கத்தைத் தொட்டதும் அங்குள்ள செல்கள் கொலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோனை விடுகின்றன. பித்தப்பையைச் சுருங்கச் சொல்வதும் இதுதான், வயிறு நிறைந்தது என்று மூளைக்குச் சொல்வதும் இதுதான். மூளைக்கு அந்தச் செய்தி போவது, மூளையையும் வயிறு, குடலையும் இணைக்கும் வேகஸ் நரம்பு வழியாக. இதே வேகஸ் நரம்புக்கு இன்னொரு வேலையும் இருப்பதை 2000-ல் அமெரிக்காவின் கெவின் ட்ரேசி குழுவினர் எலிகளில் காட்டினார்கள். அந்த நரம்பைத் தூண்டினால் உடம்பின் அழற்சி அடங்கியது.

நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரத்தில் லய்யர், பியூர்மன் குழுவினர் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தார்கள். எலிகளுக்கு ரத்தத்தை வெளியேற்றி அதிர்ச்சி நிலையை உண்டாக்கினார்கள். பட்டினி கிடந்த எலிகள், கொழுப்புக் குறைந்த உணவு பெற்றவை, கொழுப்பு மிகுந்த உணவு பெற்றவை என்று பிரித்தார்கள். கொழுப்பு மிகுந்த உணவு போன எலிகளுக்குத்தான் குடல் கசிவும் அழற்சியும் குறைவு, நிணநீர்க் கணுவுக்குப் போன கிருமியும் குறைவு. காரணத்தையும் விடாமல் தேடினார்கள். கொலிசிஸ்டோகைனின் வேலை செய்யாதபடி மருந்து கொடுத்தார்கள், பாதுகாப்பு போய்விட்டது. வேகஸ் நரம்பை வெட்டினார்கள், அப்போதும் போய்விட்டது. இது 2005-ல் வந்த ஆய்வு. நீங்கள் முதலில் படித்தது இதைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

உணவைக் கண்டதும் "சாப்பாடு வந்திருக்கிறது, சண்டை போடாதே" என்று குடலுக்குச் சொல்லும் ஏற்பாடு நம் உடம்பிலேயே இருக்கிறது என்பதுதான் இதில் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. தினமும் மூன்று வேளை வெளியிலிருந்து வரும் பொருளை எதிர்க்காமல் ஏற்றுக்கொள்ள வேண்டிய உறுப்பு அது.

திருமங்கலத்தான்

எலிக்கு நடந்தது மனுசனுக்கு நடக்கும் என்று எப்படிச் சொல்ல முடியும் அம்மா? கொழுப்பு உணவு கொடுத்த எலி ஆபரேஷனுக்குப் பின் கிருமி பரவிச் செத்துப்போன ஆய்வும் அமெரிக்காவில் நடந்திருக்கிறதே. இதைப் படித்துவிட்டு யாராவது ஆபரேஷன் ஆனவருக்குச் சுக்காவும் பரோட்டாவும் வாங்கிக் கொடுத்தால் யார் பொறுப்பு?

கேகே_நகர்_உணவியல்

நல்ல கேள்வி அண்ணே. இதற்குத்தான் நானும் வந்துகொண்டிருந்தேன்.

நீங்கள் சொல்வது சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஜான் ஆல்வர்டி குழு செய்தது, 2019-ல் வெளியானது. சுண்டெலிகளுக்கு முன்கூட்டியே கொழுப்பு மிகுந்த, நார் குறைந்த மேற்கத்திய உணவைக் கொடுத்து வளர்த்தார்கள். பிறகு ஆன்டிபயாடிக். அதன் மேல் கிருமியே தொடாத சுத்தமான ஆபரேஷனாக ஈரலில் ஒரு பகுதியை வெட்டினார்கள். அந்த எலிகள் பல மருந்துக்கும் அடங்காத குடல் கிருமிகளால் செத்தன. அதே ஆன்டிபயாடிக், அதே ஆபரேஷன் செய்தும் வழக்கமான தீனி தின்ற எலிகள் அப்படிச் சாகவில்லை.

இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராகத் தெரியும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சிகாகோ எலிகளில் நடந்தது நாள்பட்ட சாப்பாட்டுப் பழக்கத்தின் விளைவு. நாருக்குப் பஞ்சம் வந்தால் நல்ல கிருமிகள் மெலிந்து, கெட்டவை இடம்பிடிக்கும். மிச்சமிருந்த நல்லதையும் ஆன்டிபயாடிக் துடைத்துவிடும். மாஸ்ட்ரிக்ட் எலிகளில் நடந்தது அந்த நேரத்தில் குடலுக்குப் போன ஒரு நரம்புச் செய்தி. ஒன்று ஆபரேஷனுக்கு முந்தைய வாழ்க்கையைப் பற்றியது, மற்றது ஆபரேஷனை ஒட்டிய சில மணி நேரத்தைப் பற்றியது. 'கொழுப்பு' என்ற ஒரே தலைப்பில் போட்டுப் படித்தால் குழப்பம்தான் வரும்.

மனிதர்களிடம் பார்த்தார்களா என்றால், பார்த்தார்கள். நெதர்லாந்திலும் டென்மார்க்கிலும் பெருங்குடல் ஆபரேஷனுக்கு வந்த 280 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குக் கொழுப்பு சேர்த்த உணவைக் குழாய் வழியாக ஆபரேஷனுக்குச் சற்று முன்பிருந்து, ஆபரேஷன் நடக்கும்போதும், முடிந்து சில மணி நேரம் வரையும் செலுத்தினார்கள். முடிவு 2018-ல் வந்தது. குடல் மந்தமாகிக் கிடப்பதும் குறையவில்லை, தையல் கசிவும் குறையவில்லை. எலியில் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது மனிதரில் தெரியவில்லை. சீக்கிரம் வாயால் கொடுப்பதும் நல்ல மயக்க மருந்து முறையும் ஏற்கெனவே இருக்கும் இடத்தில் கூடுதல் கொழுப்புக்குச் செய்ய ஒன்றும் மிச்சமில்லை என்று நான் நினைக்கிறேன். அது என் கணிப்பு மட்டும்தான்.

ஆகவே கொழுப்பை மருந்து மாதிரி அள்ளிக் கொடுக்க ஆதாரம் இல்லை. விஷம் மாதிரி ஒதுக்கவும் ஆதாரம் இல்லை. குடல் வழியாக உணவு போகவேண்டும் என்பதற்கு மட்டும் மனிதரிலேயே நல்ல ஆதாரம் உண்டு. 1992-ல் கட்ஸ்க் குழுவினர் வயிற்றில் பலத்த காயத்தோடு வந்தவர்களைப் பார்த்தார்கள். ஊட்டத்தை ரத்தக் குழாயில் ஏற்றியவர்களைவிடக் குடல் வழியாகப் பெற்றவர்களுக்குத் தொற்று குறைவாக இருந்தது.

தம்பி மேலூர், உங்கள் அப்பாவின் விஷயத்தில் எனக்குக் கவலை எண்ணெய் மட்டும் இல்லை. நொய்க்கஞ்சியும் ரசமும் மட்டும் என்றால் புரதம் எங்கிருந்து வரும்? ஆபரேஷன் ஆனவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும். 60 கிலோ எடை என்றால் 72 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் இருக்கிறது, கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு டீஸ்பூன் எண்ணெயில் சுமார் 40 கலோரி. பசியில்லாமல் நாலு வாய் சாப்பிடும் மனிதருக்கு அந்த நாலு வாயில் சக்தி ஏறுவது எண்ணெயால்தான். இல்லாவிட்டால் உடம்பு தன் தசையையே கரைத்துத் தின்னும். புதுத் தோல் வளரவும் தையல் பிடிக்கவும் வேண்டிய வைட்டமின் ஏ கொழுப்போடு சேர்ந்துதான் உடம்பில் ஏறும்.

மேலூர்_வயக்காடு

மெலிவதற்குக் காரணம் இப்போது புரிகிறது அக்கா. அப்பத்தாவிடம் எப்படிச் சொல்வது? "உள்ளே போன எண்ணெய் நேரா தையல்ல போய் ஒட்டும்" என்றுதான் திரும்பத் திரும்பச் சொல்கிறது.

வார்டு_சிஸ்டர்_பணிநிறைவு

இப்படிச் சொல்லிப் பாருங்கள் தம்பி. எண்ணெய் எண்ணெயாகவே தையல் வரைக்கும் போவதில்லை. சிறுகுடலிலேயே பித்தநீர் அதைப் பொடிப்பொடியாக உடைத்துவிடும், கணைய நீர் கரைத்துவிடும். கரைந்தது குடல் சுவர் வழியாக நிணநீரில் கலந்து, பிறகு ரத்தத்துக்குப் போகும். பெருங்குடல் தையலுக்கு மிஞ்சுவது மிகக் கொஞ்சம். வயிற்றின் மேல்தோல் தையலுக்கும் சாப்பிட்ட எண்ணெய்க்கும் நேர்வழியே கிடையாது.

அப்பத்தாவையே தாளிக்கச் சொல்லுங்கள். கரண்டி அவர் கையில் இருந்தால் மனசு ஆறும்.

சோழவந்தான்_தென்னை

நெய் நல்லது என்கிறார்களே? நெய்யில் பியூட்டிரிக் அமிலம் இருக்கிறது, குடல் செல்லுக்கு அதுதான் சாப்பாடு என்று வாட்ஸப்பில் வந்தது. எங்கள் வீட்டில் தேங்காய் எண்ணெயும் உண்டு, அது ஆகுமா?

கேகே_நகர்_உணவியல்

பாதி சரி. பெருங்குடல் செல்லுக்கு முக்கியமான எரிபொருள் பியூட்டிரேட்தான், நீங்கள் சொன்ன பியூட்டிரிக் அமிலத்தின் இன்னொரு வடிவம் அது. நெய்யில் அது 3, 4 சதவீதம் அளவுக்கு இருப்பதும் உண்மை. ஆனால் நெய்யில் வருவது மேலேயே, சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். பெருங்குடலுக்கு வேண்டியதை அங்கேயே இருக்கும் நல்ல கிருமிகள் நாரையும் செரிக்காத மாவுச்சத்தையும் நொதிக்கவைத்துத் தயாரிக்கின்றன. நெய் ருசிக்கும் சக்திக்கும் ஒரு ஸ்பூன் போடுங்கள், குடலுக்கு மருந்து என்று நினைத்து ஊற்றாதீர்கள்.

தேங்காய் எண்ணெயில் பாதிக்கு மேல் நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு, அதிலும் பெரும்பங்கு லாரிக் அமிலம். கணையம், பித்தம் சரியில்லாதவர்களுக்கு இந்த வகை செரிக்க எளிது. மற்றபடி வீட்டில் எது வழக்கமோ, கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ, அதுவே போதும். செக்கில் ஆட்டியதா பாக்கெட்டா என்பதைவிடப் பழைய எண்ணெயை மறுபடி காய்ச்சாமல் இருப்பது முக்கியம். மீன் சாப்பிடுபவர் என்றால் மத்தி, அயிலை வாங்குங்கள், ஒமேகா 3 அவற்றில்தான் கூடுதல். குழம்பில் காரத்தைக் குறைத்து வேகவைத்துக் கொடுக்கலாம்.

செல்லூர்_மதினி

நார்ச்சத்து வேண்டும் என்கிறீர்கள். ஆனால் சீட்டில் கீரைத்தண்டு, கொண்டைக்கடலை எல்லாம் வேண்டாம் என்றல்லவா போடுவார்கள்? பழைய சோறு கொடுக்கலாமா?

கேகே_நகர்_உணவியல்

சரியாகப் பிடித்தீர்கள். குடலை வெட்டி ஒட்டியவருக்கு முதல் சில வாரம் நார் குறைவாகத்தான் கொடுக்கச் சொல்வார்கள். தையல் இடம் வீங்கியிருக்கும், சக்கை உணவு அடைத்துக்கொள்ளலாம். தோல் நீக்கிய பாசிப்பருப்பு, நன்றாக வெந்த கேரட், சுரைக்காய், பழுத்த வாழைப்பழம் என்று மெதுவாக ஏற்ற வேண்டும். நார் பற்றி நான் மேலே சொன்னது ஆபரேஷனுக்கு முந்தைய காலத்துக்கு. தேதி குறித்துவிட்டால் அதற்கு முந்தைய வாரங்களில் முட்டைப் பரோட்டா, கோலா உருண்டை, ஜிகர்தண்டா என்று கடைத்தெருவில் சுற்றாமல் வீட்டுச் சாப்பாடு, காய், பயறு என்று இருப்பது நல்லது. அங்கேயும் கட்டி குடலை அடைத்துக்கொண்டிருந்தால் நார் கூடாது, டாக்டர் சொல்வதுதான்.

பழைய சோறு நல்ல உணவுதான், எனக்கும் அதன் மேல் பிரியம் உண்டு. ஆனால் இரவெல்லாம் தண்ணீரில் கிடப்பது. பானை சுத்தம், தண்ணீர் சுத்தம் எல்லாம் சேர்ந்தது. புதுத் தையலும் ஆன்டிபயாடிக்கும் இருக்கும்போது வேண்டாம். முதல் செக்கப்பில் சர்ஜனிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். அதுவரை புதிதாகக் கடைந்த மோர் போதும்.

வார்டு_சிஸ்டர்_பணிநிறைவு

இதோடு ஒன்று, தம்பி. காய்ச்சல், படபடவென்ற நாடி, வயிறு பானை மாதிரி உப்பிக் கல்லாவது, வாந்தி, கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, இவற்றில் எது வந்தாலும் எண்ணெயா கஞ்சியா என்று யோசித்துக்கொண்டிருக்காதீர்கள். உள்தையல் கசிந்தால் இப்படித்தான் தெரியும். ராத்திரி என்றாலும் மேலூரிலிருந்து வண்டியை எடுங்கள். ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்கோ பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கோ போய்விடுங்கள்.

மேலூர்_வயக்காடு

குறித்துக்கொண்டேன் அக்கா. சித்தப்பா ஆட்டுக்கால் சூப் வைத்துத் தரலாமா என்று கேட்கிறார். எண்ணெய் வேண்டாம் என்கிற அதே ஆள்தான்.

கேகே_நகர்_உணவியல்

தரலாம். சூப்பை ஆறவைத்துப் பிரிட்ஜில் வைத்தால் மேலே கொழுப்பு வெள்ளையாக உறையும். அதைப் பெரும்பாலும் எடுத்துவிட்டு, கொதிக்கவைத்து, மிளகு குறைத்து ஒரு டம்ளர் கொடுங்கள். எடுக்கச் சொல்வது ஒரே நேரத்தில் அவ்வளவு கொழுப்பு போனால் வயிறு மந்தமாகி அடுத்த வேளை பசிக்காது என்பதால்தான். ஆனால் சூப்பைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள், அதில் இருக்கும் புரதம் நினைப்பதைவிடக் குறைவு. சூப்போடு ஒரு முட்டையும் இரண்டு இட்லியும் உள்ளே போக வேண்டும்.

திருமங்கலத்தான்

என் சம்சாரத்துக்குப் பித்தப்பைக் கல், வைகாசியில் ஆபரேஷன் என்று சொல்லியிருக்கிறார்கள். அவளுக்கும் இதே 3 ஸ்பூன் கணக்குதானா?

கேகே_நகர்_உணவியல்

இல்லை அண்ணே, அது வேறு கணக்கு. கல் உள்ளே இருக்கும்வரை கொழுப்பு சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கி வலி வரலாம். அதனால் ஆபரேஷன் வரைக்கும் பொரித்தது, கொழுப்புக் கறி, நெய்ச்சோறு வேண்டாம். எடுத்த பிறகு பித்தநீர் சேர்த்துவைக்க இடமில்லாமல் ஈரலிலிருந்து நேராகக் குடலில் சொட்டிக்கொண்டே இருக்கும். ஒரே வேளையில் நிறைய எண்ணெய் போனால் வயிற்றோட்டம் வரலாம். முதல் சில வாரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து, ஒரு வேளைக்கு அரை ஸ்பூன், ஒரு ஸ்பூன் என்று கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் பிறகு வழக்கமான சாப்பாட்டுக்கே திரும்பிவிடுகிறார்கள்.

கணைய ஆபரேஷன் ஆனவர்களும், ஆபரேஷன் இடத்திலிருந்து நீரை வெளியேற்ற வைக்கும் டிரெயின் குழாயில் பால் மாதிரி வெள்ளையாக நீர் வருகிறது என்று சொல்லப்பட்டவர்களும் இந்த இழையில் உள்ள அளவு எதையும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த வெள்ளை நீர் கொழுப்பைச் சுமந்துபோகும் நிணநீர், வழக்கமான எண்ணெய் அதைக் கூட்டிவிடும். அவர்களுக்கு நேரில் பார்த்துத்தான் எழுத வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டையும் கடைசி ரத்தப் பரிசோதனையையும் எடுத்துக்கொண்டு உங்கள் ஆஸ்பத்திரி உணவு ஆலோசகரைப் பாருங்கள்.